கோபுரம் இருக்கிறது, பெட்டி எங்கே?

மாலை ஏழு மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி நகராது என்பதை பெங்களூரில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி நின்ற ஒரு மாலையில் நண்பரின் காரிலிருந்த தொடுதிரையைத் துழாவிக்கொண்டிருந்தேன். எஃப்.எம்., புளூடூத், யூ.எஸ்.பி. என்ற வரிசையின் கடைசியில் ஏ.எம். என்று ஒன்று இருந்தது. வண்டி வாங்கி நான்கு வருடமாகியும் நண்பர் அதை ஒரு முறைகூட அழுத்தியதில்லை. அழுத்தி, 612 கிலோஹெர்ட்ஸ் பக்கமாகக் கொண்டுபோனேன். முதலில் கரகரவென்று இரைச்சல், பிறகு இரண்டு மூன்று விநாடி சத்தமே இல்லை. அப்புறம் நிலையத்தின் பெயர் திரையில் எழுத்தாக வந்தது, கூடவே டி.ஆர்.எம். என்ற மூன்று எழுத்துகள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல அவ்வளவு தெளிவாகக் கன்னடச் செய்தி.

"இது எப்ப வந்தது?" என்றார் நண்பர். வண்டியோடு வந்தது என்றேன்.

அவர் நம்பாததில் தவறில்லை. டி.ஆர்.எம்., அதாவது டிஜிட்டல் ரேடியோ மோண்டியால், என்ற முறையில் ஒலிபரப்ப ஆகாசவாணி நாடு முழுக்க 35 மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியிருக்கிறது. பெங்களூரின் 200 கிலோவாட் நிலையம் அவற்றில் ஒன்று. மறுபக்கம், இந்தியாவில் விற்கும் லட்சக்கணக்கான கார்களில் இந்த முறையைப் புரிந்துகொள்ளும் சிப் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது. அனுப்புகிறவர் இருக்கிறார், வாங்கும் கருவியும் இருக்கிறது. கேட்கிறவருக்குத்தான் விஷயம் தெரியாது. இதுவாவது பரவாயில்லை. காருக்கு வெளியே, கடையில் போய் டி.ஆர்.எம். ரேடியோ கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

கம்பியில்லா ஒலிபரப்பில் புதிய டிஜிட்டல் முறைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று டெல்லியில் இருபது ஆண்டுகளாக ஆலோசனை அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. எந்த அலைக்கற்றை, யாருக்கு உரிமம், ஏலமா ஒதுக்கீடா, கட்டணம் எத்தனை விழுக்காடு என்று அவற்றில் கேட்கப்படும் கேள்விகளில் மிகப் பெரும்பாலானவை கோபுரத்தைப் பற்றியவை. பெட்டியைப் பற்றி, அதாவது அந்த அலை வந்து சேரும் கருவியைப் பற்றி, கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி இருந்தால் பெரிது. அனலாக் காலத்துக்கு இந்த அலட்சியம் செல்லுபடியாயிற்று. 2001 ஜூலை 3 அன்று நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையமான ரேடியோ சிட்டி பெங்களூரில் தொடங்கியபோது, அதைக் கேட்க யாரும் புதிதாக எதையும் வாங்கவில்லை. அலமாரியில் இருந்த எஃப்.எம். பெட்டி போதுமானதாக இருந்தது. டிஜிட்டலில் அப்படி இல்லை. அனுப்புகிறவர் எந்த மொழியில் குறியீடு செய்கிறாரோ அதே மொழி தெரிந்த சிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு வலுவான அலையும் வெறும் காற்றுதான்.

எஃப்.எம்.கூட எளிதில் வந்துவிடவில்லை. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. அப்போது வீடுகளில் இருந்தவை மீடியம் வேவும் ஷார்ட் வேவும் பிடிக்கும் பெட்டிகள். மலிவான எஃப்.எம். பெட்டிகள் தெருவுக்குத் தெரு வந்து, பிறகு கைபேசியிலும் எஃப்.எம். புகுந்தபோதுதான் அது மக்களிடம் சேர்ந்தது. இடையில் கழிந்தது ஏறக்குறைய ஒரு தலைமுறை. கோபுரம் 1977-லேயே தயார்.

ஒரு வேடிக்கை. இந்த நாட்டில் ஒரு காலத்தில் பெட்டிக்கும் உரிமம் இருந்தது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ வைத்திருப்பவர் அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, கையடக்கமான ஒரு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்கள் நம் தாத்தாக்கள். 1980-களின் நடுவில் அது ஒழிந்தது, யாரும் வருந்தவில்லை. ஆனால் அதோடு, பெட்டி என்பது அரசு கவனிக்க வேண்டிய ஒன்று என்ற நினைப்பும் போய்விட்டது. வரி வசூலிக்க மட்டும் அதைக் கவனித்திருந்தார்கள். வரி போனதும் கவனம் போயிற்று.

இதன் விளைவை முதலில் பார்த்த ஊர் பெங்களூர். வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற பெயர் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய அமெரிக்க நிறுவனம் அது. ஆப்பிரிக்காவுக்கு ஒரு செயற்கைக்கோள் அனுப்பிய பிறகு, 2000 மார்ச்சில் ஆசியாஸ்டார் என்ற இரண்டாவதை ஏவியது. இந்திய அலுவலகம் பெங்களூரில். 1.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய எல் பேண்டில் வானத்திலிருந்து நேராக வீட்டுக்கு டிஜிட்டல் ரேடியோ. கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்கு கந்தர்வ், கன்னடத்துக்கு ஸ்பர்ஷா, தமிழுக்கு கே.எல். ரேடியோ என்று தனித்தனி அலைவரிசைகள். விளம்பரத் தொல்லை கிடையாது. மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் மாமாக்கள் காலைக் காப்பியோடு ஸ்ருதியைப் போட்டுவிட்டு உட்காருவார்கள். செயற்கைக்கோள் 105 பாகை கிழக்கில் நின்றதால், உள்ளங்கை அகலத்து ஆன்டெனாவைக் கிழக்குப் பக்க ஜன்னலில் வைத்து, கொஞ்சம் தெற்கே சாய்த்து, பெட்டியின் திரையில் கோடுகள் ஏறுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஜன்னலுக்கு எதிரே அடுக்குமாடி எழும்பினால் கச்சேரி நின்றுவிடும்.

அடுக்குமாடிப் பிரச்சினைக்கு ஒரு தீர்வு இருந்தது. நகரத்துக்குள் தரையிலேயே சிறு கோபுரங்கள் வைத்து, செயற்கைக்கோள் அலையை வாங்கி மறுபடி பரப்பலாம். அமெரிக்காவில் கார்களுக்குள் செயற்கைக்கோள் ரேடியோ பிழைத்தது இந்தத் தரை நிலையங்களால்தான். ஆனால் இங்கே அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் தரக் கொள்கை வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005 ஜூனில் செயற்கைக்கோள் ரேடியோவுக்கான பரிந்துரைகளைக் கொடுத்தது. கொள்கை வரவில்லை. ஏ.ஆர். ரகுமானை விளம்பரத் தூதராக்கியும் காருக்குள் போக வழியில்லாமல் வேர்ல்ட்ஸ்பேஸ் வீட்டு ஜன்னலோடு நின்றது. 2008-ல் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை முடிந்தது. உலகெங்குமிருந்த அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பகுதியினர் இந்தியர்கள்.

நிறுவனம் மூழ்கியதற்கு வணிகக் காரணங்கள் நிறைய. கொள்கை வராததை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். என் அக்கறை அதன் பெட்டிகளைப் பற்றியது. எஃப்.எம். நிலையம் ஒன்று மூடினால் பெட்டி இன்னொரு நிலையத்தைப் பிடிக்கும். ஒரே நிறுவனத்தின் குறியீட்டுக்கென்று செய்த டிஜிட்டல் பெட்டி அந்த நிறுவனத்தோடு உடன்கட்டை ஏறுகிறது. தரம் பொதுவானதாக இருக்க வேண்டும் என்று விதிப்பது ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. அந்த விதி இங்கே இருக்கவில்லை.

ஆகாசவாணியின் டி.ஆர்.எம். இதற்கு நேர்மாறு. தரம் பொதுவானது, கோபுரங்கள் அரசுடையவை. பெட்டி மட்டும் இல்லை. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் பெங்களூர், சென்னை உட்பட 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 முறையில் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியபோதும் அதே கதைதான். கைபேசியில் ஒரு டாங்கிள் செருகிப் பார்க்கலாம் என்றார்கள். டாங்கிள் செருகிப் பார்த்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இப்போது தனியார் எஃப்.எம். முறை. டிராய் 2025 அக்டோபரில் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 பெரிய நகரங்களில், ஒரே அலைவரிசை இடத்தில் அனலாக் ஒன்று, டிஜிட்டல் மூன்று, தரவு ஒன்று என்று ஐந்து சேவைகள் ஓடலாம். பழைய பெட்டிக்காரர் பழையதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அனலாக்கை எப்போது நிறுத்துவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது நிதானமான யோசனை. ஏலத்துக்கான அடிப்படை விலை சென்னைக்கு 146.68 கோடி ரூபாய், பெங்களூருக்கு 87.22 கோடி. சென்னை ஏ பிளஸ் நகரம், பெங்களூர் வெறும் ஏ. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு முறை போய்வந்தவர்கள் இந்தத் தரவரிசையைப் பார்த்துச் சிரிப்பார்கள், அது எஃப்.எம். விதிகள் எழுதப்பட்ட காலத்தின் வரிசை.

ஆனால் முக்கியமான இடத்தில் பரிந்துரை நழுவுகிறது. நாடு முழுக்க ஒரே டிஜிட்டல் தரம் வேண்டும் என்கிறது. எது என்று சொல்லவில்லை. களத்தில் இருப்பவை இரண்டு: டி.ஆர்.எம்.-இன் எஃப்.எம். வடிவம், அமெரிக்காவின் எச்.டி. ரேடியோ. 2021-ல் டெல்லியில் இரண்டுக்கும் சோதனை நடந்தது. எதைத் தேர்ந்தாலும் ஒரு கூட்டம் கசப்படையும் என்பது உண்மை. ஆனால் தேர்வு தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் எந்த சிப்பைப் பொருத்துவது என்று தெரியாமல் கைபேசிகளும் கார்களும் கோடிக்கணக்கில் விற்பனையாகின்றன. நார்வே 2017-ல் தேசிய எஃப்.எம். நிலையங்களை நிறுத்தி டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் முறைக்கு மாறியது. தரம் எது என்று அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. அதனால்தான் நிறுத்தும் நாளை அறிவிக்கவே முடிந்தது.

இந்த வரிசையில் கடைசியாக வந்ததும், பெங்களூர் மண்ணிலேயே முளைத்ததும் டி2எம். நேரடியாகக் கைபேசிக்கு ஒளிபரப்பு என்பது அதன் பொருள். பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் 2018 டிசம்பரில் பிருத்வி-3 என்ற சிப்பை வெளியிட்டது. ஏ.டி.எஸ்.சி. 3.0 என்ற புதிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தைப் புரிந்துகொள்ளும் சிப் அது. நிறுவனத்தைப் பின்னர் டாடா குழுமத்தின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் வாங்கியது. ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியும் ஐ.ஐ.டி. கான்பூரும் சேர்ந்து ஆய்வு செய்தன. 2023-ல் பெங்களூர், டெல்லி கர்த்தவ்ய பாதை, நொய்டா ஆகிய மூன்று இடங்களில் முன்னோட்டம் நடந்தது. அடுத்து 19 நகரங்களில் சோதிப்போம், 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அபூர்வ சந்திரா சொன்னார்.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள ஒரு கிரிக்கெட் மேட்ச் போதும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் பார்த்தது ஒரே பந்தை. ஆனால் கைபேசி வலையமைப்பு அந்த ஒரு பந்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துப்போய்க் கொடுக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால் தண்டோரா போடலாம். வீடு வீடாகக் கதவைத் தட்டியும் சொல்லலாம். இன்றைய 4ஜி, 5ஜி கதவைத் தட்டுகிறது. டி2எம் தண்டோரா. பார்ப்பவர் நூறு பேரானாலும் நூறு கோடியானாலும் கோபுரத்துக்குச் செலவு ஒன்றுதான். பார்ப்பவருக்கு டேட்டா கரையாது. சிம் அட்டைகூட வேண்டாம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: தண்டோரா போடுகிறவனுக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது.

மேலே சொன்ன அலைக்கற்றை 112 மெகாஹெர்ட்ஸ்; 8 மெகாஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் 14 ஒளிபரப்பு இடங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண் இங்கேதான். ஒளிபரப்புக்கு இலவசமாகக் கொடுத்தால் நாங்கள் ஏலத்தில் கொட்டிய பணம் என்னாவது, எங்களோடு போட்டி போடும் சேவைக்கும் ஏலம் விடுங்கள் என்கிறது அவர்களின் சங்கமான சி.ஓ.ஏ.ஐ. இந்த வாதத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. காற்றலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று சொன்னது, வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில். மறுபடியும் கிரிக்கெட்! பொதுச் சொத்தை யாருக்குக் கொடுத்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அலைக்கற்றைக்கு ஏலத்தையே பொது விதியாக வைத்து, முதல் அட்டவணையில் விலக்குகளைப் பட்டியலிடுகிறது. பொதுத்துறை ஒலிபரப்பும் சமுதாய வானொலியும் விலக்கில் வருகின்றன. ஆகவே பிரசார் பாரதி தன் நிகழ்ச்சியை டி2எம்-இல் அனுப்பினால் சிக்கலில்லை. அதே கோபுரத்தில் பாதி இடத்தை ஒரு தனியார் ஓ.டி.டி. நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டால், அது பொது ஒலிபரப்பா, ஏலமில்லாமல் கைமாறிய அலைக்கற்றையா? வாடகை விடாமல் இந்தத் திட்டத்தின் வரவு செலவு நிற்காது என்பதால் இதை ஓரங்கட்டவும் முடியாது. வாடகைக்கு விடலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை, வெளிப்படையான பட்டியல் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, பெட்டிக்கு வருவோம். இங்கே பெட்டி என்பது கைபேசி. 2023 இறுதியில் குவால்காம், சாம்சங், எரிக்சன், நோக்கியா ஆகியவை அரசுக்குத் தெரிவித்த எதிர்ப்புகளில், ஒரு கைபேசிக்கு 30 டாலர் வரை செலவு கூடும், பேட்டரியும் சிக்னலும் பாதிக்கப்படும் என்ற வாதங்கள் இருந்தன. சிப் செய்கிறவர்கள் இதை மறுக்கிறார்கள். ஆன்டெனா கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். அதனால்தான் கைபேசியில் எஃப்.எம். கேட்க இயர்போன் ஒயரைச் செருகச் சொன்னார்கள்; ஒயரே ஆன்டெனா. செருகும் ஓட்டை போனது, எஃப்.எம்.-மும் போனது. எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று மின்னணுத் துறை 2023 ஏப்ரலில் கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டிவந்தது. டி2எம் அலையின் நீளம் சுமார் 57 சென்டிமீட்டர். கால்பங்கு 14, கிட்டத்தட்டக் கைபேசியின் உயரம். முடியாத காரியமில்லை. ஆனால் ஏற்கெனவே அரை டஜன் ஆன்டெனாக்கள் முண்டியடிக்கும் அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு ஆள் நுழைய வேண்டும்.

குவால்காமின் தயக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவில் மீடியாஃப்ளோ என்ற பெயரில் கைபேசிக்குத் தொலைக்காட்சி அனுப்பிப் பார்த்த நிறுவனம் அது. 2011 மார்ச்சில் கடையை மூடிவிட்டு, அதன் அலைக்கற்றையை ஏ.டி. அண்ட் டி.-க்கு 193 கோடி டாலர் அளவில் விற்றது. சூடு கண்ட பூனை.

பெட்டியை ஒழுங்குபடுத்தினால் என்ன ஆகும், படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பாடங்களும் அமெரிக்காவிலேயே கிடைக்கின்றன. 1950-களில் அங்கே யு.எச்.எஃப். தொலைக்காட்சி நிலையங்கள் பட்டினி கிடந்தன, ஏனென்றால் பெரும்பாலான பெட்டிகளில் அந்த அலைவரிசை கிடையாது. 1962-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இனி விற்கும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியும் எல்லா அலைவரிசைகளையும் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகே அந்த நிலையங்களுக்கு மூச்சு வந்தது. 2017 நவம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி., ஏ.டி.எஸ்.சி. 3.0-க்கு அனுமதி கொடுத்தபோது வேறு வழியில் போனது. விரும்பும் நிலையங்கள் மாறலாம், பழைய முறையிலும் தொடர்ந்து ஒளிபரப்ப வேண்டும், பெட்டிக்குக் கட்டாயம் ஏதுமில்லை. விளைவு? 2023-ல் ஒரு காப்புரிமை வழக்கில் பெட்டிக்கு 6.75 டாலர் என்று தீர்ப்பானதும், அடுத்த ஆண்டு மாடல்களில் இந்த வசதியே கிடையாது என்று எல்.ஜி. சொல்லிவிட்டது. அதோடு, பல நிலையங்கள் புதிய ஒளிபரப்பை மறையாக்கம் செய்து பூட்டியதால், காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவர்கள் சிலரும் வெளியே நிற்க நேர்ந்தது. அந்தப் பூட்டுக்கும் ஆங்கிலச் சுருக்கம் டி.ஆர்.எம்.-தான், நண்பரின் காரில் கண்ட டி.ஆர்.எம். வேறு, இது வேறு.

கட்டாயம் என்றதும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். எல்லாக் கைபேசியிலும் டி2எம் வேண்டும் என்று இன்றே விதிப்பது அவசரம். 30 டாலர் வாதம் பொய்யென்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் படிப்படியாக விதிக்கலாம். முதலில் கார், பிறகு தொலைக்காட்சிப் பெட்டி, சிப் விலை இறங்கிய பிறகு கைபேசி. பொதுப் பணத்தில் வரும் நிகழ்ச்சியும் வெள்ளம், புயல் எச்சரிக்கையும் பூட்டில்லாமல் வர வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே எழுதிவிடலாம். டிஜிட்டலில் எச்சரிக்கைக்குக் கூடுதல் கவனமும் தேவை. அன்று ஹெப்பாளில் வண்டி நகர்ந்து ஒரு பாலத்துக்கு அடியே போனதும் அந்தத் தெளிவான கன்னடச் செய்தி சட்டென்று அறுந்து மௌனமானது. அனலாக்காக இருந்தால் இரைச்சலுக்கு நடுவே பாதி வார்த்தையாவது காதில் விழுந்திருக்கும். டிஜிட்டல் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. புயல் நாளில் பாதி வார்த்தைக்கும் மதிப்புண்டு.

இதையெல்லாம் எழுதப்போவது யார்? நிகழ்ச்சியும் அனுமதியும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், அலைக்கற்றை தொலைத்தொடர்புத் துறை, பரிந்துரை டிராய், கைபேசி மின்னணு அமைச்சகம், கார் போக்குவரத்து அமைச்சகம், பெட்டியின் தரம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். கோபுரத்துக்கு இரண்டு மூன்று எஜமானர்கள். பெட்டிக்கு இன்னும் இரண்டு மூன்று பேர், அதனால் ஒருவருமில்லை.

2025-ல் லாவாவும் எச்.எம்.டி.-யும் தேஜஸின் எஸ்.எல்.-3000 சிப் வைத்த டி2எம் சாதாரணக் கைபேசிகளைக் காட்டின. ஸ்மார்ட்போன் வாங்க வசதியில்லாதவர் கையில் தொலைக்காட்சி என்பது நல்ல நோக்கம். அந்தப் படங்களைப் பார்த்த வாரத்தில் அல்சூரில் ஒரு வீட்டைக் காலி செய்ய உதவப் போயிருந்தேன். பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒரு வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டியும் இருந்தது, ஒயர் சுற்றிய ஆன்டெனாவோடு. பழைய சாமான்காரர் அதைத் தராசில் வைக்குமுன் ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"ரேடியோதானே சார்? எஃப்.எம். வருமா?"

வராது என்றேன். மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்த்து நிறுத்தார்.